கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறதா?

என் மகளின் கம்ப்யூட்டர் பெட்டியை வெறுங்காலோடு தொட்டால் விரலில் சுருக்கென்றது. பழுது கம்ப்யூட்டரில் இல்லை, சாக்கெட்டுக்கு எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வயர்) வரவில்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் எப்போதும் துளி மின்சாரத்தைக் கசியவிடும். அது எர்த் வழியே போயாக வேண்டும். வழி இல்லையென்றால் இரும்புப் பெட்டியிலேயே சுமார் 115 வோல்ட் நிற்கும்.

சோதிப்பது எளிது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமில்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டை நேரே பார்த்தால் வலது ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), இடது நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்), மேலே பெரிய ஓட்டை எர்த். ஃபேஸ்–நியூட்ரல் 230-ஐ ஒட்டி வர வேண்டும், ஃபேஸ்–எர்த்தும் அப்படியே. நியூட்ரல்–எர்த் 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் ஃபேஸ்–எர்த் 90 காட்டியது. மெயினை அணைத்துக் கழற்றினால், பச்சை வயர் ஸ்க்ரூவில் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது!

சிலர் சாக்கெட்டிலேயே எர்த்தையும் நியூட்ரலையும் சின்ன வயரால் இணைத்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் முழு 230 வோல்ட்டும் பெட்டிக்கு வரும், பிள்ளைகள் தொடுகிற இடம் அது.

அப்புறம், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். சின்ன யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம் போதும். லேசர் பிரிண்டர் சூடாகும்போது நிறைய இழுக்கும், அதற்குச் சுவர் சாக்கெட்தான் சரி. சித்திரை வெயிலில் எர்த் வயர் மண்ணில் இறங்கும் குழி காய்ந்துவிடும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன்.