கண்டல் வளர்க்கக் கம்பனியிடம் காசு கேட்பது எப்படி?

வாவிக்கரையில் கண்டல் (சேற்று நீரில் வளரும் அலையாத்தி மரம்) வளர்க்க ஆசை, சங்கத்திடம் காசில்லை, கம்பனிகளிடம் கேட்டால் தருவார்களா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். தருவார்கள். இந்தியாவில் பெரிய கம்பனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டமே சொல்கிறது. ஆனால் இங்கே இலங்கையில் அப்படிக் கட்டாயம் இல்லை, அவர்கள் மனம் வைத்தால்தான் உண்டு.

1. முதலில் இடம்

காசைப் பிறகு பார்க்கலாம், முதலில் தோணிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போங்கள். ஆவணியில் கால் நனையாமல் நிற்கிற இடத்தில், வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டித் திறப்பதற்கு முன் மாரி வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று அவருக்குத் தெரியும். முருங்கைக்காய் போலத் தொங்கும் கண்டல் காயின் கழுத்து மஞ்சளாகியிருந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம், பறித்துச் சேற்றில் குத்தினால் முளைக்கும். முளைப்பது பெரிய விசயமில்லை, நாள்கணக்காக ஆழத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் பிழைக்காது. சுனாமிக்குப் பிறகு நம் நாட்டில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்து ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள்: 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

2. அனுமதி

ஆளில்லாத கரை என்று ஒன்று கிடையாது. ஜீ.எஸ். (கிராம சேவகர்), பிரதேச செயலகம், வனத் திணைக்களம், கரையோரம் பேணல் திணைக்களம் என்று ஒவ்வொரு கந்தோராக ஏறி, யாருடைய அனுமதி வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். அலைச்சல்தான். ஆனால் அந்தக் கடிதம் கையில் இருந்தால் கம்பனிக்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

3. சங்கத்தின் பத்திரங்கள்

பதிவுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கணக்கறிக்கை, கூட்டக் குறிப்பு. அவ்வளவுதான்.

4. யாரிடம், எப்போது

உள்ளூர்க் கிளை முகாமையாளருக்குப் பெரிய தொகையைத் தீர்மானிக்கும் அதிகாரம் இருக்காது, அவரிடம் தலைமையகத்தில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல்களுக்குக் கரைதான் பிழைப்பு, அவர்களையும் விடாதீர்கள். பயோடைவர்சிட்டி ஸ்ரீலங்கா என்று தனியார் கம்பனிகள் சேர்ந்த அமைப்பு ஒன்று இருக்கிறது, அதன் உறுப்பினர் பட்டியலையும் பாருங்கள். பல கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். அதனால் கார்த்திகை, மார்கழியிலேயே கடிதம் போய்ச் சேர வேண்டும். மார்ச்சில் மிஞ்சின காசு அவசரமாக வரும், அவசரமாகச் செலவழிக்கவும் சொல்வார்கள்.

5. செலவுக் கணக்கு

எல்லாரும் பிழைவிடுவது இங்கேதான், நாங்களும் விட்டோம். எங்கள் முதல் கணக்கில் கன்று, பொலித்தீன் பை, லொறிக்கூலி, சாப்பாடு, பதாகை எல்லாம் இருந்தன. வேலி இல்லை, காவலும் இல்லை. ஜூன் 5 சுற்றாடல் தினத்தில் நட வேண்டும் என்று கம்பனி சொன்னது, காசு தருபவர்களிடம் மறுத்துப் பேச வெட்கப்பட்டு நாங்களும் தலையாட்டினோம். கச்சான் காற்று அனல் மாதிரி வீச, புது டீசேர்ட் போட்டு, படம் பிடித்து, மத்தியானம் புரியாணி சாப்பிட்டுக் கலைந்தோம். கண்ணா என்ற கண்டல் வகையின் கன்றுகளை ஆடுகள் தின்றன, மற்றதை வெயிலும் வெள்ளமும் பார்த்துக்கொண்டன. தைப்பொங்கல் கழித்துப் போனபோது பதாகை கட்டிய கம்பு மட்டும் நின்றது.

இப்போது மூன்று வருடத்துக்குத்தான் கணக்குப் போடுகிறோம்: வேலி, பார்த்துக்கொள்பவருக்கு மாதக் கூலி, செத்ததற்குப் பதிலாக மறுபடி நடும் செலவு, ஆறு மாதத்துக்கொரு தடவை எண்ணும் செலவு. காசையும் ஒரேயடியாகக் கேட்பதில்லை, தவணையாகக் கேட்கிறோம், அவர்களுக்கும் நம்பிக்கை வருகிறது. பத்தாயிரம் கன்று நடுவோமா என்று கேட்டால், நட்ட கணக்கு வேண்டாம் சேர், மூன்றாம் வருடம் நிற்கிற கணக்கைத் தருகிறோம் என்று சொல்லுங்கள். சிலர் போனை வைத்துவிடுவார்கள். வைக்கட்டும்.

6. கடிதமும் அதற்குப் பிறகும்

இரண்டு பக்கம் போதும். எந்தக் கரை, எத்தனை ஏக்கர், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது முதல் பந்தியிலேயே வர வேண்டும். கொழும்பில் வாசிப்பவருக்காக, ஊரிலுள்ள ஆசிரியர் யாரையாவது பிடித்து ஆங்கிலப் பிரதி ஒன்றும் எழுதுங்கள். இரண்டு கிழமையில் பதில் வராவிட்டால் போன் எடுங்கள். காசு வந்தால் பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் அன்றன்றே கொப்பியில் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்து, ஆறு மாதத்துக்கொரு படம் எடுங்கள். செத்த கன்றுகளையும் மறைக்காமல் எழுதி அனுப்புங்கள், அடுத்த தவணையில் மறுநடுகைக்குக் காசு கேட்க அந்தப் படம்தான் சாட்சி.