கரை சாதுவாகத்தான் தெரியும்: குமரிக் கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் நடப்பவர்கள் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்த கையோடு, "அப்படியே கரையோரமாக ஒரு நடை போய்வரலாம்" என்று கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. கிழக்கே வட்டக்கோட்டை ஆறு கிலோமீட்டர். மேற்கே கோவளம் தாண்டி மணக்குடி ஏழெட்டு கிலோமீட்டர். மணக்குடிப் பாலத்தைக் கடந்தால் சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரம் என்று முட்டம் கலங்கரை விளக்கம் வரை இன்னும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஆற்றோரம் பிடிக்குமென்றால் பழையாறும் குழித்துறைத் தாமிரபரணியும் இருக்கின்றன. மூச்சு வாங்கும் ஏற்றம் எதுவும் இல்லாததால், மலைக்குப் போகிறவர் செய்கிற ஆயத்தத்தில் பாதியைக்கூட இங்கே யாரும் செய்வதில்லை. ஆனால் இந்தக் கரையில் ஆபத்து நிற்கிற இடத்தில் உருவாவதில்லை. கடலில் வருவது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறது, ஆற்றில் வருவது மலையிலிருந்து வருகிறது. தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

"காற்றே இல்லையே" என்று நினைப்பது

காற்று இல்லை, வானம் தெளிவு, புயல் அறிவிப்பும் இல்லை. அப்படிப்பட்ட நாளிலும் கடல் திடீரென்று கரையேறும். கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். கேரள மீனவர்கள் வைத்த பெயர் இது. யுனெஸ்கோவும் 2012-இல் இதையே ஏற்றுக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் எழுப்பும் நெடிய அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது இப்படியொரு சமயத்தில்தான். எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது.

இங்கே ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது, ஒரு மீட்டருக்குள்தான். ஆகவே ஓத அட்டவணையை மட்டும் பார்த்து நேரம் குறிப்பதில் பெரிய பலன் இல்லை. கிளம்பும் முன் ஹைதராபாத்தில் இயங்கும் தேசியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் (INCOIS) அறிவிப்பில் இரண்டு எண்களைப் பாருங்கள்: அலையின் உயரம், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள விநாடி. பலரும் உயரத்தைப் படித்துவிட்டு விநாடியை விட்டுவிடுகிறார்கள். 2 மீட்டர் உயரம், 7 விநாடி என்றால் அது உள்ளூர்க் காற்று கிளப்பிய சலசலப்பு. அதே 2 மீட்டர் 16 விநாடியில் வந்தால், கரைக்கு வந்து சேரும் ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல். ஆழத்தில் தாழ்வாகத் தெரியும் அலை கரையருகே வந்ததும் நிமிர்ந்து, மணலில் வெகுதூரம் ஓடி ஏறும்.

கைப்பேசியில் சிக்னல் இல்லையென்றாலும் இதைக் கண்டுபிடிக்கலாம். முதல் அலை உடையும்போது கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதன்பின் வரும் பத்து அலைகளை எண்ணுங்கள். ஆன விநாடிகளைப் பத்தால் வகுங்கள். 14-க்கு மேல் வந்தால் அன்றைக்கு ஈரமணல் பக்கமே போக வேண்டாம், ஊருக்குள் போகும் சாலையில் நடங்கள். எண்ணி முடித்ததும் நகர்ந்துவிடாமல் 15 நிமிடமாவது நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, நடுவில் ஓய்ந்து, மறுபடி வரும். ஓய்ந்த நேரத்தில் இறங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

கரையின் சரிவும் ஒரு அடையாளம். பருமணல் செங்குத்தாகச் சரிந்து, கால் கணுக்கால்வரை புதைகிற இடத்தில் அலை காலடியிலேயே உடையும். திரும்பும் நீர் காலுக்கடியில் உள்ள மணலையும் சேர்த்து அரித்துக்கொண்டு போகும். அங்கே முழங்கால் ஆழம்கூட அதிகம். ஒருவர் விழுந்துவிட்டால் கைகோத்துச் சங்கிலியாக இறங்காதீர்கள். ஒரு கை நழுவினால் எல்லோரும் போவார்கள். கயிறோ, காலி கேனோ, மிதக்கும் எதுவோ எறியுங்கள். இழுபட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் மல்லாந்து மிதக்க வேண்டும். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாக நீந்தி விலகி, பிறகு உள்ளே வரவேண்டும்.

ஜனவரி வழியில் ஜூலையில் நடப்பது

நண்பர் ஜனவரியில் நடந்து பதிவு செய்து வைத்த வழித்தடத்தை ஜூலையில் அப்படியே பின்பற்றுவது இன்னொரு பிழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் கடல் மணலை வாரிக்கொண்டு போய்விடும். ஐம்பதடி அகலத்துக்கு மணல் கிடந்த இடத்தில் தடுப்புச் சுவரின் கற்களும் நேராகக் கடலும்தான் இருக்கும். சுவருக்கும் அலைக்கும் நடுவே ஒடுங்கிய மணல் தெரிந்தால் அதில் நுழையாதீர்கள். பாதி தூரத்தில் அது முடிந்துபோனால் ஏறித் தப்பப் பாசி பிடித்த கல் மட்டுமே மிஞ்சும். கடலுக்குள் நீட்டிக் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவுகளுக்கும் இதே கதை. மேலே காய்ந்த கல் வெள்ளையாக இருக்கும், அலை படும் இடம் கறுப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். அந்த நிறம் தொடங்கும் இடத்தோடு நின்றுவிடுங்கள். நான்கு கால் கான்கிரீட் கற்களின் இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியாமல் வெளியே வருவது கடினம்.

இந்த மாதங்களில் கச்சான், அதாவது மேல்காற்று, மணலை வாரி முகத்தில் அடிக்கும். முட்டத்திலிருந்து கிழக்கே நடந்தால் காற்று முதுகில் இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை காலையில் கன்னியாகுமரியிலிருந்து மேற்கே நடப்பது சுகம், வெயில் பின்னால் இருக்கும்.

பொழியைக் குறுக்கே கடப்பது

ஆறு கடலில் சேரும் வாயை இங்கே பொழி என்பார்கள். கோடையில் கடல் மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். மழையில் ஆறு உடைத்துக்கொண்டு ஓடும், சில சமயம் ஆட்கள் வெட்டியும் விடுவார்கள். ஆகவே பொழிக்கு நிலையான ஆழம் கிடையாது. காலையில் மணல்மேட்டில் நடந்து போனவர் மாலையில் திரும்பும்போது அங்கே கழுத்தளவு தண்ணீர் ஓடலாம். உடைந்த பொழியின் ஓரம் சுவர்போல் செங்குத்தாக நிற்கும், அடியில் நீர் அரித்திருக்கும். எட்டிப் பார்க்க விளிம்புக்குப் போனால் மண்ணோடு சரிவீர்கள். தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் அனுபவமுள்ள மீனவர்களின் படகுகளே கவிழ்ந்திருக்கின்றன.

பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் இந்தச் சோதனையே வேண்டாம். 2004 சுனாமியில் பழைய பாலம் போனபிறகு கட்டிய பாலம் இருக்கிறது. கீழமணக்குடியில் ஏறி மேலமணக்குடியில் இறங்கலாம். காயலின் ஓரத்தில் அலையாத்தி நிற்கும் சேற்றில் குறுக்குவழி தேடாதீர்கள். மேலே காய்ந்த பொருக்கு, கீழே தொடைவரை சேறு. புதைந்துவிட்டால் காலை வெடுக்கென்று இழுக்காமல், பின்பக்கம் சாய்ந்து உடல் எடையைப் பரப்பி, ஒவ்வொரு காலாக மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும்.

மழை பெய்யாத ஊரில் வெள்ளம்

குழித்துறைத் தாமிரபரணி நல்ல நடைக்கு ஏற்றது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, ரப்பர் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே இறங்கித் தேங்காப்பட்டணத்தில் கடலைச் சேர்கிறது. கடலோரத்தில் வெயில் அடிக்கும்போதே மலையில் மழை கொட்டலாம். 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை நிறைந்து உபரி நீர் திறந்தால் அது கோதையாறு வழியாக இந்த ஆற்றுக்குத்தான் வரும். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆகவே ஜூன் முதல் டிசம்பர் வரை நடக்கிறவர்கள் அணையின் நீர்மட்டச் செய்தியைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வந்தால் ஆற்றோர நடையையும் தள்ளிப்போடுங்கள். இரண்டுக்கும் தண்ணீர் ஒன்றுதான்.

ஆறு ஏறப்போவதை ஆறே காட்டிக்கொடுக்கும். தெளிவாக ஓடிய நீர் தேநீர் நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் நுரையும் சேர்ந்து மிதந்து வரும். கல்லில் மோதும் சலசலப்பு அடங்கி, கனமான இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மேட்டுக்கு ஏறுங்கள், பையை எடுக்கக் கீழே திரும்ப வேண்டாம். தவறு அதிகம் நடக்கும் இடம் சப்பாத்து, அதாவது ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்வான தரைப்பாலம். கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று நடுவே போவார்கள். பாசியில் கால் வழுக்கும், விழுந்தால் தடுப்பில்லாத பக்கம் நேராகச் சுழலில் தள்ளும். சப்பாத்தின் மேல் தண்ணீர் ஓடினால் அடுத்த பாலம்வரை நடந்து கடப்பதே சரி.

ரப்பர் தோட்டச் சருகில் காலை வைக்குமுன் கம்பால் தட்டுங்கள், விரியன் இருக்கும். கடித்தால் கீறுவதோ கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ போங்கள்.

தண்ணீர், கால், கயிறு

மணலில் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். சாலையின் 5 கிலோமீட்டர் கணக்கைப் போட்டால் உச்சிவெயிலில் நடுவழியில் நிற்பீர்கள். ஆளுக்கு மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் வேண்டும், கூடவே இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம். மணவாளக்குறிச்சிப் பக்கக் கருமணல் வெள்ளை மணலைவிட வேகமாகச் சூடேறும், பத்து மணிக்கு மேல் அங்கே வெறுங்காலில் நிற்க முடியாது. வார்ச்செருப்பில் மணல் புகுந்து தோலை உரிக்கும்; நீர் வடியும் பழைய ஓட்டக் காலணி போதும். மீனவ ஊர்களின் மணலில் தூண்டில் முள்ளும் மீன் முள்ளும் கிடக்கும், காலணியைக் கழற்றவே வேண்டாம்.

ஆழமில்லாத நீரில் நடக்க நேர்ந்தால் பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடங்கள், மணலுக்கடியில் திருக்கை கிடந்தால் விலகிவிடும். அதன் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் அரைமணி நேரமாவது அமிழ்த்தி வைத்தபின் மருத்துவரிடம் போங்கள்.

கரைமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை, இழுக்கும் இடத்தில் இரண்டு வரிசை ஆட்கள் கடலிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்திருப்பார்கள். கயிறு விறைத்து, நீர் சொட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தாண்டவும் கூடாது, அடியில் நுழையவும் கூடாது. பிடி தளர்ந்தால் சாட்டைபோல் வீசும். இழுப்பவர்களுக்குப் பின்னால், தரைப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். உலர்த்தியிருக்கும் வலையை மிதிக்காதீர்கள். "அண்ணே, அந்தப் பக்கம் பொழி வெட்டிருக்கா?" என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அன்றைய கரையைப் பற்றி அவர்களைவிடச் சரியாக எந்தச் செயலியும் சொல்லாது.

கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. கூப்பிடும்போது "பீச்சில் நிற்கிறோம்" என்றால் யாராலும் வந்துசேர முடியாது. இந்தக் கரையில் பெரும்பாலும் ஊருக்கொரு தேவாலயமும் குருசடியும் (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) உண்டு. கடைசியாகக் கடந்த ஊரின் பெயர், கண்ணுக்குத் தெரியும் ஆலயம், அதற்குக் கிழக்கே நிற்கிறீர்களா மேற்கேயா என்ற மூன்றையும் சொல்லுங்கள்.