பின்மண்டை வலி, கழுத்தில் இருந்த காரணம்

மூன்று மாதமாகப் பின்மண்டையில் வலி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சாப்பாட்டு மேசையில் குனிந்தபடியே மடிக்கணினி வேலை. கண்ணாடியை மாற்றினேன், மாத்திரை போட்டேன்; போகவில்லை.

அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்கா, மண்டையோடு கழுத்து சேரும் பள்ளத்தில் விரலை வைத்து அழுத்தினார். அதே வலி, கண் வரை பாய்ந்தது! ஏறக்குறைய 5 கிலோ தலையை 7 கழுத்தெலும்புகள் தாங்குகின்றன. முதல் எலும்பின் மேல் தலை 'ஆமாம்' என்று ஆடுகிறது; முதலாவதும் இரண்டாவதும் சேருமிடத்தில் 'இல்லை' என்று திரும்புகிறது. எவ்வளவு அழகான அமைப்பு! அங்குள்ள சின்னத் தசைகள்தான் இறுகிக் கிடந்தன.

இனிக் குனியாமல் இருக்க, இரண்டு மைலோ டின்மேல் மடிக்கணினி, தனி கீபோர்டு. மணிக்கொரு தடவை மோவாயை நேர் பின்னே இழுத்து 5 விநாடி. இரண்டு வாரத்தில் வலி விட்டது. கை மரத்துப்போனால் நேரே டாக்டரிடம் போங்கள்.