தோட்டத்தில் மழையை அளந்து பதிவது எப்படி?

இலங்கையின் மலைநாட்டில் ஒரு மலையின் இரு புறமும் ஒரே அளவு மழை பெய்வதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று வட்டவளை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, பதுளைப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சியில் இந்த நிலை பெரிதும் மாறுகிறது. ஆகவே உங்கள் தோட்டத்து மழையை அறிய அங்கேயே ஒரு மழைமானி வேண்டும்.

மழைமானி செய்ய, வாய் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள புனல் ஒன்றும் ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றும் போதும். துளிகள் தெறித்து வெளியேறாதபடி புனலின் ஓரம் நிமிர்ந்திருக்க வேண்டும். புனலின் வெளிப்புறமாக வழியும் நீர் உள்ளே புகாதவாறு புனலுக்கும் போத்தலின் கழுத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை இறுக அடைக்க வேண்டும். சேரும் நீரை அடிமட்டத்தால் அளப்பது தவறு. போத்தலின் அடி சமமாக இராது, புனலின் வாயும் போத்தலும் ஒரே அகலம் அல்ல. மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சால் நீரின் கனவளவை அளந்து, மில்லிலீற்றர் எண்ணிக்கையை 7.85 ஆல் வகுத்தால் மழை மில்லிமீற்றரில் கிடைக்கும். இந்த எண் 10 சென்ரிமீற்றர் புனலுக்கு மட்டுமே பொருந்தும்.

இடத்தைத் தெரிவதே கடினமான வேலை. லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரை, நிழல் மரம் ஆகிய எதுவானாலும் அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தள்ளியே மானியை நட வேண்டும். காற்று துளிகளை அடித்துச் செல்வதால் மலை முகட்டில் அளவு குறைவாக வரும். நிலம் சரிந்திருந்தாலும் புனலின் வாய் கிடையாகவே இருக்க வேண்டும்.

தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, உடனே கொப்பியில் எழுதுங்கள். மழை இல்லாத நாளுக்கு 0, அளக்கத் தவறிய நாளுக்கு ஒரு கோடு. இரண்டையும் குழப்பினால் மாதக் கூட்டுத்தொகையே பொய்யாகிவிடும். தவறிய நாளை ஊகித்து நிரப்புவதைவிடக் கோடிட்டு விடுவதே நேர்மையான பதிவு. தோட்டக் காரியாலயத்தில் அங்குலக் கணக்கில் எழுதிய பழைய மழைப் புத்தகம் இருந்தால் 25.4 ஆல் பெருக்கி மில்லிமீற்றராக்கிக்கொள்ளலாம். அத்தகைய புத்தகங்கள் குப்பைக்குப் போகாமல் காப்பது நல்லது, ஏனெனில் காலநிலையைப் பற்றிப் பேச வழக்கமாக 30 ஆண்டுப் பதிவு தேவைப்படுகிறது.

அடைமழையில் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. இந்தப் போத்தல் ஏறத்தாழ 190 மில்லிமீற்றரில் நிரம்பிவிடும் என்பதால், வெளியே செல்வது பாதுகாப்பாக இருக்கும் வேளையில் இடையில் அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்னும் படிகளைப் பயன்படுத்துகிறது. 150 என்பது வெளியேற வேண்டிய படி; ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலும் வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்ததை மலையகத்தார் எவரும் மறக்கவில்லை. நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரெனக் கலங்கிய ஊற்று, சாய்ந்த மரம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மானி காட்டும் எண்ணைப் பாராமல் வீட்டை விட்டு வெளியேறுங்கள்.