சானாங் தட்டுக்கு வீட்டு முற்றத்துப் பூக்கள்

பாலித் தீவின் இந்துக் குடும்பங்கள் நாள்தோறும் படைக்கும் 'சானாங் சாரி' என்னும் குருத்தோலைத் தட்டில் கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை வைக்கப்படுவதால், தோட்டத்தையும் அந்நிறங்களை எண்ணியே அமைக்க வேண்டும். வெள்ளைக்கு ஈழத்தலரி, அதன் கிளையை வெட்டியவுடன் நடாமல், பால் வற்றி வெட்டுவாய் உலரும்வரை ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து, நீர் தேங்காத மண்ணில் ஊன்றுங்கள், அவசரப்பட்டால் அழுகிவிடும். சிவப்புக்குக் காசித்தும்பையை விதைக்கலாம். மஞ்சளுக்குத் துலுக்கச் சாமந்தியே சிறந்தது என்பது என் எண்ணம். தட்டின்மேல் நறுக்கித் தூவும் ரம்பை என்னும் மணமுள்ள இலைக்கு அரைநிழல் போதும். அறத்தின் வெற்றியைக் கொண்டாடும் கலுங்கான் திருநாளுக்கு 25 நாள் முன்னர், 210 நாளுக்கொருமுறை வரும் 'தும்பெக் வாரிகா' என்னும் மரஞ்செடிகளைப் போற்றும் நாளன்று மரங்களுக்குக் கஞ்சி படையுங்கள். மிஞ்சும் பூக்களை, 'பஞ்சார்' எனப்படும் அக்கம்பக்கத்தார் சபையின் பெண்கள் கோயில் விழாவுக்காகக் கூடியமர்ந்து தட்டு முடையும் நாளில் கொண்டுசென்று கொடுங்கள்.