கின்டர்கார்டனுக்கு ஊசி விலக்கு: கலிஃபோர்னியாவில் நாங்கள் வாங்கிய விதம்

பிப்ரவரி 12. ஐந்து நாளாக விடாத காய்ச்சல், கோவைப்பழமாகச் சிவந்த கண், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரி மாதிரி புள்ளி புள்ளியாக நாக்கு. நாலரை வயது மகனுக்குக் காவசாகி நோய் (ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோய்) என்று சொல்லி, அன்று ராத்திரியே இம்யூனோகுளோபுலின் டிரிப் ஏற்றினார்கள். விடியும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. எக்கோவில் இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் தாளைப் படித்தபோதுதான் கடைசி வரியைப் பார்த்தேன்: எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி), சின்னம்மை ஊசிகளை 11 மாதம் தள்ளிப் போடவும்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடம். எம்எம்ஆர் 2, சின்னம்மை 2 என்று கணக்கு முடிந்திருந்தால்தான் சேர்ப்பார்கள். அவனுக்கு இரண்டிலும் இரண்டாவது டோஸ் பாக்கி.

ஏன் தள்ளிப் போட வேண்டும் என்று அத்தை கும்பகோணத்திலிருந்து போனில் கேட்டபோது நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். டிரிப்பில் ஏறியது பல பேருடைய ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம். எம்எம்ஆரிலும் சின்னம்மை ஊசியிலும் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். இரவல் வாங்கிய புரதம் உடம்பில் இருக்கும்வரை அந்த வைரஸைத் தலையெடுக்க விடாது. உடம்பு தானாக எதுவும் கற்றுக்கொள்ளாது, ஊசி வீணாகிவிடும். காவசாகிக்குத் தரும் அளவு அதிகம், உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். அதனால்தான் 11 மாதம்.

இங்கே மருத்துவக் காரணத்தைத் தவிர வேறு விலக்கு கிடையாது. 2014 டிசம்பரில் டிஸ்னிலாண்டில் தொடங்கிய தட்டம்மைக்குப் பிறகு எஸ்பி 277 என்ற சட்டம் வந்தது. 2015 ஜூனில் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். 2016 ஜூலையிலிருந்து நம்பிக்கை, மதம் என்று எழுதிக் கொடுப்பது அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, டே கேர் எங்கேயும் செல்லாது. டெக்சாஸில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் வழி அங்கே சரி, இங்கே எடுபடாது.

நான் செய்த முதல் தப்பு, டாக்டரின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கிக்கொண்டு போனது. பள்ளி அலுவலகத்தில் இருந்த அம்மா படித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். 2021 ஜனவரி முதல் புதிய விலக்கு எல்லாம் கேர்-எம்ஈ என்ற மாநிலத் தளம் வழியாகத்தான் வர வேண்டும். எவ்வளவு பெரிய ஸ்பெஷலிஸ்ட் எழுதியிருந்தாலும் தனிக் கடிதத்தை ஏற்க மாட்டார்கள்.

அந்தத் தளத்தில் முதலில் நுழைய வேண்டியது பெற்றோர். கணக்குத் திறந்து, பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளி விவரம் கொடுத்தால் ஒரு விண்ணப்ப எண் வரும். அதைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவர் கலிஃபோர்னியா உரிமம் உள்ள எம்டி அல்லது டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர்)-வாக இருக்க வேண்டும். பிள்ளையை நேரில் பரிசோதித்துவிட்டு, எந்த ஊசி, என்ன காரணம், எந்தத் தேதி வரை என்று அவர் தன் கணக்கிலிருந்து நிரப்புவார். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தருவதைப் பள்ளியில் கொடுக்க வேண்டும். படிவம் நிரப்பத் தனிக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

தேதியை நீங்களே எண்ணிப் பாருங்கள். தற்காலிக விலக்கு ஒரு வருடத்தைத் தாண்டக்கூடாது. எங்களுக்கு ஜனவரி 12 வரை என்று வந்தது. நிரந்தர விலக்கு என்றாலும் ஆயுசுக்கும் இல்லை: ப்ரீஸ்கூல் வரை, ஆறாம் வகுப்பு வரை, பன்னிரண்டு வரை என்று கட்டம் கட்டமாகப் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொன்று, விலக்கு அந்த இரண்டு ஊசிக்கு மட்டும்தான். கக்குவான், தொண்டை அடைப்பான், ரணஜன்னிக்கான டிடேப்பும் போலியோவும் உயிருள்ள வைரஸ் ஊசிகள் அல்ல. அவற்றை டாக்டரைக் கேட்டு முன்பே முடித்துவிட்டோம். "எல்லாத்துக்கும் சேர்த்தே வாங்கிடலாமே" என்று கணவர் கேட்டார். மாட்டேன் என்றேன். எம்எம்ஆர் போட முடியாத என் பிள்ளைக்கு அந்த வருடம் முழுக்கக் காவல், பக்கத்தில் உட்காரும் மற்ற பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான். தேவையில்லாமல் ஒருவர் விலக்கு வாங்கினால் அந்தக் காவலில் ஓர் ஓட்டை விழுகிறது. பள்ளியில் ஊசி போட்ட பிள்ளைகள் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் மாநிலமும் விலக்குகளை எடுத்துப் பார்க்கும். ஒரே டாக்டர் ஒரு வருடத்தில் ஐந்தும் அதற்கு மேலும் கொடுத்திருந்தாலும் அப்படியே. ரத்து செய்தால் முறையீட்டுக்கு 30 நாள் உண்டு, அது முடியும்வரை பிள்ளை பள்ளிக்குப் போகலாம்.

சளி, லேசான காய்ச்சல், முட்டை அலர்ஜி, குடும்பத்தில் ஒருவருக்கு ஆட்டிசம், இதெல்லாம் எம்எம்ஆருக்கு விலக்கு பெறும் காரணம் அல்ல. முன் டோஸுக்கு அனஃபிலாக்ஸிஸ் (உயிருக்கே ஆபத்தான அலர்ஜி) வந்தது, புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது, பிறவியிலேயே எதிர்ப்புச் சக்திக் குறைபாடு என்றால் தயங்காமல் கேளுங்கள்.

விலக்கு கையில் இருந்தாலும் பள்ளியில் தட்டம்மை வந்தால் பிள்ளையை 21 நாள் வரை வீட்டில் வைக்கச் சொல்லலாம். அதற்கும் மனதைத் தயாராக வைத்திருந்தோம்.

லிவர்மோர் கோயிலில் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், "அக்கா, எங்க கார்டு செல்லாதாம், நாங்களும் எக்ஸெம்ப்ஷன் வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம்மா, உனக்கு வேண்டியது வேறு என்றேன். ஊரில் 9 மாதத்தில் போடும் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா ஊசி), முதல் பிறந்தநாளுக்கு முந்தியது என்பதால் இங்கே கணக்கில் வராது. அதில் பொன்னுக்கு வீங்கிக்கு மருந்தும் இல்லை. 2016 ஏப்ரல் முதல் போட்ட போலியோ சொட்டு மருந்தும் சேராது. விட்டுப்போன ஊசிகளைத் தொடங்கி, அடுத்த டோஸுக்கு நாள் வரவில்லை என்றால் நிபந்தனையுடன் சேர்த்துக்கொள்வார்கள். கார்டை எடுத்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனால் போதும்.

ஜனவரி 14, பள்ளி விட்டதும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கையிலும் ஒவ்வொன்று. மறுநாள் காலை புதிய தேதிகள் ஏறிய ஊசிப் பதிவை அதே அலுவலக அம்மாவிடம் கொடுத்தேன். விலக்குப் படிவத்தை ஃபைலிலிருந்து எடுத்து, அந்த இடத்தில் இதை வைத்தார்.