இருட்டை முதலில் பூசுங்கள்: தோட்டத்துக் கதையை நுவார் சித்திரக்கதையாக வரைவது எப்படி?

மலேசியாவில் பீடோங்கை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் நடக்கும் 48 பக்கச் சித்திரக்கதை ஒன்றைப் போன மாதம் வரைந்து முடித்தேன். பங்களாதேஷிலிருந்து பால்மரம் சீவ வந்த ஓர் இளைஞன், மளிகைக்கடையில் கணக்கு எழுதும் தமிழ்ப்பெண், இரவில் காணாமல் போகும் கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) மூட்டைகள், ஒரு கொலை. முழுக்கக் கறுப்பு வெள்ளை. நுவார் என்னும் இந்த மாதிரி இருண்ட குற்றக்கதையை முதல்முறை வரையப் போகிறவர்களுக்கு நான் போன வழியைச் சொல்கிறேன். முகம், கை, கால் வரைவதெல்லாம் ஓரளவு பழகியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் கதை

நுவார் கதையில் காதல் நிறைவேறாது என்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஏன் நிறைவேறவில்லை என்பதுதான் அவரைக் கடைசிவரை இழுத்துப் போகும். அதற்கு ஒரு வில்லனைக் கொண்டுவராதீர்கள். காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. தற்காலிக வேலை அனுமதியில் வரும் வெளிநாட்டுத் தொழிலாளி இங்கே இருக்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அந்த அனுமதியின் நிபந்தனை. அடுத்தவர் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஆனாலும் பிடித்து வைக்கிறார்கள். என் கதையில் ஏஜென்டிடமிருந்து கடப்பிதழை மீட்கப் பணம் வேண்டும். அதற்காகத்தான் அவன் கட்டிப்பால் மூட்டையில் கை வைக்கிறான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த இளைஞனைத் திருட்டு முழி முழிப்பவனாக வரைந்துவிடாதீர்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் தகரப்பெட்டியை வைத்த அதே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டில்தான் இன்று இவனுடைய பை கிடக்கிறது. 'வந்தேறி' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நாம் இன்னொருவன்மேல் அதைப் பேனாவால் எழுதக் கூடாது.

2. பக்கம் பிரித்தல்

ஏ5 அளவு, பக்க எண்ணிக்கை நான்கின் மடங்கு, ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டத்துக்கு மேல் வேண்டாம். இருட்டுக்கு இடம் வேண்டும்.

3. விளக்கு எங்கே இருக்கிறது?

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். விடிகாலைப் பால்மரக் காடு வரும் மூன்று பக்கங்களை நான்கு முறை திரும்ப வரைந்தேன். மரம், ஆள், வாளி எல்லாவற்றையும் கோட்டில் வரைந்துவிட்டு மிச்ச இடத்தில் கறுப்பு அடித்தேன். பகலில் எடுத்த படத்துக்கு மேலே ராத்திரி வானத்தை ஒட்டிய மாதிரி இருந்தது. முப்பது வருஷம் மரம் சீவிய என் அத்தை பார்த்துவிட்டு, "என்னய்யா, நிரை முழுக்க லைட்டு போட்டு வச்சிருக்க? நெத்தியில ஒத்த வெளக்கு. கை நீட்டுற தூரத்துக்கு அங்குட்டு ஒண்ணும் தெரியாது," என்றார். நிரை என்றால் மரவரிசை.

அதற்கப்புறம்தான் புரிந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகமாக இருக்கும், நன்றாக வடியும். அதனால்தான் இருட்டோடு நிரைக்குப் போகிறார்கள். அந்த நெற்றி விளக்கு எதையெல்லாம் காட்டும்? சீவிய பட்டை, உளி பிடித்த கையின் முட்டி, கோட்டில் இறங்கும் வெள்ளைப் பால், பால் வடியும் மங்கின் (கிண்ணத்தின்) விளிம்பு. அவ்வளவுதான். விளக்கு கட்டியவர் முகம் தெரியாது.

என் காதல் காட்சியும் இதிலிருந்தே கிடைத்தது. இருவர் நெற்றியிலும் விளக்கு இருந்தால், நேருக்கு நேர் பார்த்ததும் கண் கூசும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் இருவரையும் தலைகுனிய வைத்தேன். இரண்டு வெளிச்ச வட்டங்கள் சருகுமேல் விழுந்து ஓரத்தில் தொட்டுக்கொள்கின்றன. அந்தக் கட்டத்தில் வேறு எதுவும் வரையவில்லை. கொலைகாரனிடம் விளக்கே இல்லை. இடுப்பில் கட்டிய கொசுவத்தியின் கங்கு மட்டும் ஒரு புள்ளியாகத் தெரியும்.

செய்யும் முறை இது. தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, தடித்த மார்க்கரால் முழுதும் கறுப்பு அடியுங்கள். காய்ந்ததும் வெள்ளை ஜெல் பேனாவால் விளக்கு தொடும் இடத்தை மட்டும் எடுங்கள். அதைப் பார்த்துப் பெரிய தாளில் வெள்ளையின் எல்லையை மட்டும் பென்சிலில் போட்டு, மற்றதை மையால் மூடுங்கள். கறுப்பும் கறுப்பும் சேரும் இடத்தில் கோடு வேண்டாம். தோளும் மரமும் ஒன்றாகக் கரையட்டும். முடித்ததும் கைப்பேசியில் படம் எடுத்து நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் கண் சரியான இடத்துக்குப் போனால் கட்டம் தேறிவிட்டது.

வீட்டுக்குள் நடக்கும் காட்சிக்கு, நுவார் படங்களில் வழக்கமாக வரும் ஜன்னல் மறைப்புப் பட்டைகளின் நிழலைப் போட வேண்டாம். அது வேறு ஊர் அறை. லயத்தில் பலகைச் சந்து வழியாகக் கோடு கோடாக வெளிச்சம் வரும், கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டையிலிருந்து தரையில் காசு காசாக விழும்.

பெரிய கறுப்புக்குப் புட்டி இந்தியன் இங்க்கும் 3ஆம் எண் பிரஷ்ஷும்தான் என் தேர்வு. மார்க்கர் திட்டுத் திட்டாகத் தெரியும். தாள் 200 கிராமுக்கு (ஜிஎஸ்எம்) குறைந்தால் மையில் நெளிந்துவிடும்.

4. ஸ்கேன்

600 டிபிஐ, கிரேஸ்கேல். அப்புறம் திரெஷோல்டு போட்டுச் சாம்பல் நிறத்தை நீக்கிவிடுங்கள்.

5. தமிழ் வசனம்

ஃபோட்டோஷாப்பில் 'கொ' உடைந்து, கொம்பு தப்பான இடத்தில் நின்றால் எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். டைப் அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் இங்க்ஸ்கேப் போதும். இலவசம், தமிழும் உடையாது. கவிவனார் எழுத்துரு கையெழுத்து போல இருக்கும், வசனத்துக்குப் பொருந்தும்.

வசனப் பலூனை முதலில் வரையாதீர்கள். தமிழ்ச் சொல் நீளம். 'காத்துக்கிட்டிருக்கேன்' என்று ஒரு சொல் வந்தாலே பலூன் நிறைந்துவிடும். வசனத்தை அடித்து வைத்துவிட்டு அதைச் சுற்றி வரையுங்கள். என் இருவரும் பேசுவது உடைந்த மலாய். "சூடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று அவள் கேட்பதை அப்படியே தமிழ் எழுத்தில் விட்டேன், அடியில் விளக்கம் போடவில்லை.

பிற்சேர்க்கை 1: நகல் எடுக்கும் கடையில் பெரிய கறுப்பு வெளிறி வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் வந்தது. 48 பக்கத்தையும் கொடுப்பதற்கு முன் மிகக் கறுப்பான ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். கோடு கோடாக வந்தால் வேறு கடைக்குப் போங்கள்.

பிற்சேர்க்கை 2: சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் அம்மா எழுதினார். நான் இங்கே போட்டிருந்த மாதிரிப் பக்கத்தில் மரத்தின் வெட்டு தலைகீழாகச் சாய்ந்திருக்கிறதாம். அவர் சொன்னது சரி. மரத்துக்கு எதிரே நின்றால் வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழே இறங்க வேண்டும். நான் சரியாகத்தான் வரைந்திருந்தேன். அமைப்பு சரியா என்று பார்க்கப் படத்தைக் கண்ணாடிபோலப் புரட்டியவன், திருப்பி வைக்காமல் சேமித்துவிட்டேன். மரம் சீவியவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். புரட்டிப் பார்ப்பவர்கள் சேமிக்கும் முன் ஒருமுறை வெட்டைப் பாருங்கள்: இடது மேலே, வலது கீழே.